அன்பாகப் பேசுகிறவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் ஏரியைக் காப்பாற்ற நடக்கும் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதம் முன்பு சேர்ந்தேன். இப்படி ஒரு குழுவில் இருப்பது இதுவே முதல் முறை. அங்கே ஒருவர் எதற்கெடுத்தாலும் சாதியை இழுத்துச் சண்டைக்கு வருகிறார். அவரைக் கண்டாலே பயமாக இருக்கிறது. இன்னொருவர் அன்பானவர், எல்லாவற்றையும் தனியாக மெசேஜ் அனுப்பி விளக்குவார். போன வாரம் அவர், "அட்மின் பிளாட் போடுகிறவர்களிடம் காசு வாங்கிவிட்டார். மனுவால் ஒன்றும் ஆகாது. ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பொக்லைனைக் கொளுத்தினால்தான் வழிக்கு வருவார்கள்" என்று எழுதினார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. விலகிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலகாதீர்கள். ஆனால் நீங்கள் பயப்படும் ஆள் வேறு, பயப்பட வேண்டிய ஆள் வேறு.

சண்டைக்காரருக்கு நீங்கள் பதில் எழுதும்வரைதான் வேலை. அவர் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சண்டை எந்த நாளில் வருகிறது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு யார் யார் போவது என்று பேசிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவில் சாதிச் சண்டை வெடித்தால், மறுநாள் காலை மனு யார் கையில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை அப்படி நடந்தால் அட்மினிடம் சொல்லி அவரை நீக்கச் சொல்லுங்கள். அவர் யார் அனுப்பிய ஆள் என்று துப்பறிய வேண்டியதில்லை.

சண்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே கை மூட்டுவதும் உண்டு. 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. ஒன்றைக் கூட்டியது 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற முகநூல் பக்கம். மற்றதைக் கூட்டியது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா'. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். 2017 நவம்பரில் செனட் விசாரணையில் இது அம்பலமானது. விளம்பரத்துக்கு ஆன செலவு சுமார் 200 டாலர் என்றார்கள். வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லோரும் அந்த ஊர் மனிதர்கள், அவர்களுடைய கோபமும் நிஜம். அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி அந்த அன்பானவர். 1971இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில், வியட்நாம் போரை எதிர்த்த சிலர் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் அலுவலகத்தில் புகுந்து கோப்புகளை அழிக்க நினைத்தார்கள். முடியாது என்று கைவிட்டும் விட்டார்கள். அப்போது நண்பராக வந்து சேர்ந்தார் ராபர்ட் ஹார்டி. உள்ளே போக வழி சொல்லிக்கொடுத்தார், கருவிகள் கொண்டுவந்தார். காசு கொடுத்தது அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. உள்ளே புகுந்த இரவில் பிடித்தார்கள், 28 பேர்மீது வழக்கு. பிறகு ஹார்டியே மனம் வருந்தி உண்மையைச் சொன்னதால் 1973இல் ஜூரி விடுவித்தது. எல்லா ஊரிலும் அப்படி ஒரு ஹார்டி மனம் மாறுவார் என்று நம்பி இருக்க முடியாது.

உங்கள் நண்பர் உளவாளியா, வெறும் ஆத்திரக்காரரா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அதை முடிவு செய்ய வேண்டாம். 'இவன் ஒற்றன்' என்று கிளப்பிவிடுவதே பழைய ஆயுதம். 1968இல் கறுப்பினத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேலை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆள் என்று நம்பவைக்க, போலி ஒற்று அறிக்கையின் கார்பன் நகலை அவர் நண்பரின் காரில் போட்டுவைக்கலாம் என்று எஃப்.பி.ஐ. திட்டமே எழுதியது. 'அட்மின் காசு வாங்கிவிட்டார்' என்ற வரியை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

நானும் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். நாங்கள் நடத்திய குழுவில், பெரியவர் ஒருவர் எங்களையெல்லாம் இழிவாகப் பேசியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எனக்குத் தனியாக வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கினேன். எட்டு மாதம் கழித்து முழுப்படமும் கண்ணில் பட்டது. மேலே வெட்டப்பட்ட பகுதியில், "இவர் எழுதியிருப்பதைப் பாருங்கள், மனசு வலிக்கிறது" என்று அவர் எழுதியிருந்தார். கீழே இருந்தது வேறொருவருடைய வார்த்தை. ஓடை ஓடையாக நடந்து படம் எடுத்து அனுப்பிய மனிதர் அவர். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்றார். திரும்பி வரவில்லை.

எனவே இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். அவருக்கு, "கொளுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. இனி ஏரி விஷயத்தைக் குழுவிலேயே பேசுவோம்" என்று எழுத்தில் பதில் போடுங்கள், அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எவனாவது கொளுத்தினால் போலீஸ் முதலில் பார்ப்பது போனைத்தான். பிறகு அட்மினை நேரில் பார்த்து, மெசேஜை முழுசாகக் காட்டி, காசு விஷயத்தை முகத்துக்கு நேராகக் கேளுங்கள். கணக்கு நோட்டு இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள், எழுதும் வேலையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.