கை தூக்காத பச்சிளங்குழந்தை: கண்ணையும் பாருங்கள்

கேள்வி: மகள் பிறந்து 20 நாள். 4.2 கிலோ, சுகப்பிரசவம்தான், ஆனால் தோள் மாட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்தே வலது கை துவண்டு கிடக்கிறது, அந்தக் கையால் விரலையும் பிடிப்பதில்லை. மூளை பாதிப்பு என்று வீடியோவில் சொல்கிறார்கள். வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் தடவலாம் என்கிறார் மாமியார். விக்கல், தோல் உரிதல் வேறு. வலது கண் சின்னதாக இருக்கிறது, தாத்தா ஜாடையாம்.
- வாசகி, குலசேகரம்

பதில்: தாத்தாவை விடுங்கள் அம்மா. கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கண்தான் எனக்கு முக்கியம்.

கழுத்திலிருந்து கைக்கு 5 நரம்பு வேர்கள் இறங்குகின்றன. பிரசவத்தில் தோள் மாட்டும்போது பெரும்பாலும் மேல் வேர்கள்தான் இழுபடும். அப்போது தோளும் முழங்கையும் அசையாது, விரல்கள் மட்டும் இறுகப் பிடிக்கும். இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் தானாகவே தேறிவிடுவார்கள். 3 மாதத்துக்குள் முழங்கையை மடக்குகிறார்களா என்று பார்த்துக் காத்திருப்போம்.

உங்கள் மகளுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. விரலும் பிடிக்கவில்லை, அதே பக்க இமையும் தாழ்ந்திருக்கிறது, கண்மணியும் சிறுத்திருக்கிறது என்றால் கீழ் வேர் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்திருக்கலாம். பிய்ந்த வேர் தானாக ஒட்டாது. நரம்பு அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்ய வேண்டும். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். கண்ணைப் பற்றி நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ.யில் தொடங்க வேண்டியதில்லை. மருத்துவர் குழந்தையின் தலையை லேசாகத் தாழ்த்தும்போது இரு கையும் ஒன்றுபோல் விரிகிறதா என்று பார்ப்பார். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். காறை எலும்பு, மேல்கை எலும்புக்கு ஒரு எக்ஸ்ரே. எலும்பு முறிந்தாலும் வலியில் கை இப்படித்தான் கிடக்கும்.

மூளை? ஒரு கை மட்டும் துவண்டு, கால்கள் நன்றாக உதைத்து, பால் குடிக்கிறாள் என்றால் அந்த வீடியோவை அணைத்துவிடுங்கள். விக்கலுக்கும் தோலுக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆசான், எண்ணெய், உருவல் எதுவும் இப்போது கூடாது. நம் ஊரில் வர்மத்தின் மேல் இருக்கும் மரியாதை எனக்கும் தெரியும். ஆனால் எக்ஸ்ரே கூட எடுக்காத பச்சிளங்குழந்தையின் தோளை முறுக்க யாருக்கும் உரிமை இல்லை. மூட்டு இறுகாமலிருக்கப் பயிற்சி உண்டு, எப்போது தொடங்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

மூச்சு வேகமாக இழுத்தாலோ பால் குடிக்கத் திணறினாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூச்சு விட உதவும் உதரவிதானத் தசையின் நரம்பும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம்.