மாத டேட்டா 20ஆம் திகதிக்குள் முடிந்தால் எங்கே தேடுவது?

வினா: நாங்கள் புதுக்குடியிருப்பில் வசிக்கிறோம். வீட்டில் 4ஜீ ரவுட்டர் இருக்கிறது. பகலுக்கு 100 ஜீபியும் நள்ளிரவுக்குப் பின் பாவிக்க இன்னொரு 100 ஜீபியும் தரும் மாதாந்தப் பெக்கேஜ். பகல் டேட்டா 20ஆம் திகதியளவில் முடிந்துவிடுகிறது; இரவு டேட்டாவோ பெரும்பாலும் மிச்சம். மூன்று கைத்தொலைபேசிகளும் மகளின் மடிக்கணினியும் காட்டும் அளவுகளைக் கூட்டினால் 50 ஜீபிகூட வரவில்லை. இவற்றைத் தவிர, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா படுக்கைக்குப் போகுமுன் வீட்டுக் கமராவைத் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். மிகுதி எங்கே போகிறது?

பதில்: அண்ணா கமராவைப் பார்ப்பதாகச் சொன்ன வரியைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஆயினும் அதற்கு முன், எந்தக் கணக்கை நம்புவது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குளத்திலிருந்து திறந்துவிட்ட நீரைத் துருசடியில் அளக்காமல் ஒவ்வொரு வயலிலும் போய் அளந்து கூட்டினால் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. தொலைபேசிகளின் அளவைக் கூட்டுவதும் அப்படித்தான். தொலைபேசி காட்டும் வைபை அளவில் உறவினர் வீட்டிலும் அலுவலகத்திலும் பாவித்தது கலந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே அதே வைபையில் கமராவைப் பார்த்தால் அந்தப் படம் பெரும்பாலும் இணையத்துக்குப் போகாமலே வந்து சேர்ந்தாலும் தொலைபேசி அதையும் எண்ணிவிடும். மறுபுறம், கமராவும் ஸ்மார்ட் தொலைக்காட்சியும் எடுப்பது எந்தத் தொலைபேசியிலும் பதிவாகாது. ஆகவே கட்டணத்துக்கு அடிப்படையான நிறுவனச் செயலியின் அளவையே இறுதிக் கணக்காகவும், ரவுட்டர் காட்டும் அளவை அதைச் சரிபார்க்கும் கணக்காகவும் கொள்ளுங்கள். உங்கள் பெக்கேஜ் எந்தத் திகதியில் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள்; அது மாதத்தின் முதலாம் திகதியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். வைபையில் இணைந்தபடியே அந்த முகவரியை உலாவியில் இட்டு உள்நுழைந்தால், பாவனை விபரம் என்ற பகுதியில் பதிவிறக்கமும் பதிவேற்றமும் தனித்தனியே இருக்கும். சில ரவுட்டர்களில் மின்சாரம் தடைப்பட்டதும் இந்த எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், நாள்தோறும் ஒரே நேரத்தில் அதைக் குறித்துவைப்பது நல்லது. சாதாரணமாகப் படம் பார்க்கும், செய்தி வாசிக்கும் வீட்டில் பதிவேற்றம் பதிவிறக்கத்தில் ஒரு சிறு பங்குதான். அது பாதியை எட்டுகிறது என்றால், வீட்டிலிருந்து ஏதோ ஒன்று வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த அனுப்பலும் உங்கள் 100 ஜீபியில்தான் கழிகிறது.

அண்ணாவின் கமராப் பார்வை அத்தகைய அனுப்பல்தான். உயர்தரப் படத்துக்கு ஒரு கமரா நொடிக்கு 2 மெகாபிட் (8 மெகாபிட் ஒரு எம்பி) அனுப்புகிறது என்று வைத்தால் மணிக்கு 0.9 ஜீபி, மூன்று மணிநேரத்துக்கு 2.7 ஜீபி, 20 நாளில் 54 ஜீபி. உங்கள் கணக்கில் துண்டுவிழும் தொகையும் ஏறக்குறைய அதுவே. மூன்று மணிநேரம் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். செயலியைத் திறந்து தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் அநேகர். ரொறன்ரோவில் கோடைகாலத்து இரவு பத்து மணி என்பது இங்கே காலை ஏழரை மணி. இரவு டேட்டாவின் நேரம் ஏழு மணியோடு முடிகிறதென்றால் அவர் பார்ப்பதெல்லாம் பகல் டேட்டாவில் கழியும். இரவு டேட்டாவுக்குள் பார்க்கச் சொல்லலாம்தான். ஆனால் விடியும்வரை அவருக்குத் தெரியப்போவது இருட்டும் நாயும் மட்டுமே. அதைவிட, செயலியில் எச்டி என்பதைத் தாழ்ந்த தரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அது நொடிக்கு அரை மெகாபிட் அளவில் அமைந்தால் மணிக்கு 0.225 ஜீபிதான் போகும். படலை பூட்டியிருக்கிறதா என்று பார்க்க அது தாராளம். பதிவை இணையச் சேமிப்பகத்துக்கு இடையறாது அனுப்பும் வசதி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் 24 மணிநேரமும் போனால் ஒரு நாளைக்கு 10.8 ஜீபி, 100 ஜீபி பத்து நாளும் தாங்காது. மெமரி கார்ட்டில் பதியச் செய்வதே இந்தப் பெக்கேஜுக்குப் பொருந்தும்.

ஊகத்தை உறுதிசெய்ய, ஒரு காலை வீட்டில் எவரும் இணையத்தைத் தொடாத ஒரு மணிநேரத்தில் அண்ணாவை வழக்கம்போல் கமராவைத் திறந்துவைக்கச் சொல்லி, முன்னும் பின்னும் ரவுட்டரின் பதிவேற்ற அளவைக் குறியுங்கள். நிறுவனச் செயலி உடனுக்குடன் புதுப்பிக்கப்படாமல் பிந்தக்கூடும் என்பதால் இந்தச் சோதனைக்கு அது உதவாது.

பதிவேற்றம் சிறியதாகவே இருந்தால், ஸ்மார்ட் தொலைக்காட்சியில் தானாக அடுத்தடுத்து ஓடும் யூரியூப் காணொளிகளையும், மடிக்கணினியின் விண்டோஸ் புதுப்பிப்புகளையும் பாருங்கள். மடிக்கணினியில் வீட்டு வைபையை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கா. நள்ளிரவுக்குப் பின் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். ரவுட்டரில் அடையாளம் தெரியாத சாதனங்கள் இணைந்திருந்தால் வைபைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆனால் ஒரே தொலைபேசி வெவ்வேறு முகவரிகளில் தோன்றுவதும் உண்டு. அயலவரைக் குறைசொல்லுமுன் அதையும் மனதில் வையுங்கள்.

இவற்றின் பின்னரும் ரவுட்டரின் அளவுக்கும் நிறுவனத்தின் அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், திகதியும் நேரமும் தெரியும்படி இரண்டையும் ஒரு வாரம் திரைப்பிடிப்பாக எடுத்து நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதே படங்களுடன் முறைப்பாடு செய்யலாம். ஒரு ஜீபியை 1000 எம்பி என்று ஒன்றும் 1024 என்று மற்றொன்றும் எண்ணுவதால் வரும் சிறிய வித்தியாசத்தை மட்டும் முறைப்பாட்டில் சேர்க்க வேண்டாம்.