அம்மா போட்ட மார்க் 70, மகள் போட்டது 40

(பாளையங்கோட்டையில், பக்கவாதம் வந்தவர்களிடம் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் நிரப்பும் செவிலியர் ஒருவரின் பதில்கள்)

அக்கா, ‘இன்றைய உடல்நிலைக்கு நூற்றுக்கு எவ்வளவு?’ என்று கேட்டதற்கு அம்மா 70 என்றார், நான் 40 என்றேன். எது சரி? – அம்பாசமுத்திரம்

அம்மாவின் கணக்கு 70தான். உங்கள் 40இல் உங்கள் இடுப்புவலியும் கொஞ்சம் கலந்திருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பராமரிப்பவரின் சுமை ஏற ஏற, அவர் போடும் மார்க் இறங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

நாங்கள் நிரப்பும் ஈக்யூ-5டி என்ற வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளில் நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, கவலை என ஐந்து தலைப்புகள். கண்ணுக்குத் தெரியும் நடமாட்டத்தில் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். வலியிலும் கவலையிலும்தான் தகராறு.

ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதும் ஏமாற்றும். கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சியிடம், தானே குளிக்க முடிகிறதா என்று கேட்டேன். “முடியாது” என்றார் மகன். “முடியும்” என்றார் ஆச்சி. முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் சின்னச் செம்பில் மொண்டு ஊற்றினால் அரை மணி நேரம் ஆகும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகனே ஊற்றிவிடுகிறார். இரண்டு பதிலும் பொய்யில்லை. ‘அன்றாட வேலை’ வந்தபோது மகன் “பெரிய சிரமமில்லை” என்றார்; ஆச்சியோ “ஆற்றுக்குப் போக முடியவில்லையே” என்று, ‘செய்யவே முடியாது’ என்ற கடைசிக் கட்டத்தை விரலால் காட்டினார்.

அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. நான் எப்படிப் பதில் சொல்வது? – தென்காசி

உங்கள் கருத்தைக் கேட்கிறார்களா, அப்பா பேசினால் என்ன சொல்வாரோ அதையா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டுக்கும் தனித்தனித் தாள் உண்டு. சொல்வது அவருக்குப் புரிந்து, விரல் காட்டவும் முடிந்தால் அவரையே கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்லுங்கள். இந்த மாதம் நீங்கள், அடுத்த மாதம் தம்பி என்றால், மாறியது அப்பாவா, ஆளா என்று தெரியாது.

நோயாளி, உறவினர் இருவர் மார்க்குக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; முழுமையானால் 1) 0.9. ஒத்துப்போகிறார்கள் என்று ஆய்வேட்டில் எழுதலாமா? – மேலப்பாளையம் மாணவி

கூடாது. நோயாளிகள் 50, 60, 70 என்கிறார்கள். உறவினர்கள் 30, 40, 50. ஒட்டுறவு 1, ஆனால் ஒருவர்கூட ஒத்துப்போகவில்லை! புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்னபடி, ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் வரைந்து பாருங்கள்.

மறதி நோயாளி சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா? – வள்ளியூர்

தொடக்க, நடுத்தர நிலையில் எடுக்கலாம். மறதி நோய்க்கென்றே உள்ள வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளான கியூஓஎல்-ஏடியின் 13 கேள்விகள் நோயாளிக்கும் உண்டு, பராமரிப்பவருக்கும் உண்டு. பெரும்பாலும் நோயாளிதான் கூடுதலாகப் போடுவார். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வழி உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை.

கேட்கும்போது குடும்பத்தார் பக்கத்தில் இருக்கலாமா? – களக்காடு

வேண்டாம். காபி வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.