வெள்ளை உடை விருந்தும் பள்ளிப் பைகளும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் அட்லாண்டாவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. என் அலுவலகத்தில் மூத்த கணக்காளராக இருக்கும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் எனக்கு நல்ல சிநேகிதி. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஏதோ ஒரு சொராரிட்டியில், அதாவது கல்லூரி மாணவிகள் தொடங்கும் சகோதரிச் சங்கத்தில், இருக்கிறார். சினிமாவில் பார்த்ததை வைத்து அதெல்லாம் கல்லூரிப் பெண்களின் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இவரோ பேரன் எடுத்த பிறகும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக உடுத்திக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறார்.

கோடை வந்தால் அவருடைய சாப்டருக்கு (உள்ளூர்க் கிளைக்கு) ஓய்வே கிடையாது. எல்லாரும் வெள்ளை உடையில் வரும் விருந்து, சீட்டாட்டப் போட்டி, பூங்காவில் குடும்பத்தோடு சமையல். நடுநடுவே வாக்காளர் பதிவு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை நிரப்பும் வேலை. இந்த முறை வெள்ளை உடை விருந்துக்கும் பை நிரப்பும் சனிக்கிழமைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். விருந்துக்கு டிக்கெட் உண்டு. என் கணவர் "இது அமெரிக்க லயன்ஸ் கிளப், போட்டோ எடுக்கத்தான் சேவை" என்று சிரிக்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கொண்டாட்டத்தையும் தொண்டையும் இப்படி ஒன்றாகக் கலக்கலாமா? நான் இரண்டுக்கும் போகலாமா, பை நிரப்ப மட்டும் போனால் போதுமா?

வி., அட்லாண்டா

*

அன்புள்ள வி.,

லயன்ஸ் கிளப் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. நம்மூரில் அந்தக் காட்சியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேடையில் வரிசையாகச் சால்வைகள். தையல் இயந்திரம் வாங்க வந்த பெண் கேமராவைப் பார்க்கும்வரை இயந்திரத்தை விடாத தலைவர். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு உங்கள் தோழியின் சாப்டரும் அப்படித்தான் தெரியும்.

நீங்கள் சொல்லும் நிறங்களை வைத்துப் பார்த்தால் அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908 ஜனவரியில் கறுப்பின மாணவர்களின் கல்விக்குப் பேர்போன வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவிகள் தொடங்கியது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 43 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1913இல் அதே வளாகத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். 1920இல் சீட்டா ஃபை பீட்டா வந்தது. 1922இல் இண்டியானாபொலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் சேர்ந்து சிக்மா காமா ரோவை ஆரம்பித்தார்கள். வெள்ளை மாணவிகளின் சங்கங்கள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். அது பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகளை வெள்ளைச் சொராரிட்டிகள் ஒதுக்குவதை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது 2013இல்தான்.

சினிமா காட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த நான்கு சங்கங்களிலும் உறுப்பினராவது ஆயுளுக்கும். பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஊர் ஊராகத் தனிச் சாப்டர்கள் உண்டு. கல்லூரிக் காலத்தில் சேராமல் பிறகு சேர்ந்தவர்களும் ஏராளம். ஆசிரியை, நர்ஸ், வழக்கறிஞர், உங்கள் தோழியைப் போன்ற கணக்காளர் என்று நாற்பது, ஐம்பது, எழுபது வயதுப் பெண்கள்தான் அங்கே பெரும்பாலான வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் சேர்ந்ததும் இதே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான். அவருக்காகத் துளசேந்திரபுரத்துக் கோயிலில் பூஜை நடந்தது நமக்கெல்லாம் செய்தி. 2024 ஜூலையில் டல்லாஸில் நடந்த சங்க மாநாட்டில், பல ஆயிரம் பெண்கள் அரங்கு நிறைய உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டது நம் பத்திரிகைகளின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. அவருடைய அரசியல் பலத்தில் அந்த அரங்குக்கும் பங்கு உண்டு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் சொல்ல நான் 1930களின் மிசிசிப்பிக்குப் போக வேண்டும்.

ஐடா ஜாக்சன் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். கலிஃபோர்னியாவுக்குப் போய், ஓக்லாந்துப் பள்ளிகளில் வேலை கிடைத்த முதல் கறுப்பின ஆசிரியை ஆனவர். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தேசியத் தலைவியாக இருந்தபோது சொந்த மாநிலத்தின் கிராமத்து ஆசிரியர்களுக்கு ஏதாவது செய்ய நினைத்தார். 1934 கோடையில் ஹோம்ஸ் கவுண்டியின் லெக்சிங்டனில் அவர்களுக்கு ஒரு கோடைப் பள்ளி நடத்தினார்கள். சொல்லிக்கொடுக்கப் போனவர்களுக்கு ஒன்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த ஊர் மக்களுக்கு எழுத்தைவிட அவசரமாக வைத்தியம் தேவைப்பட்டது. அடுத்த கோடையில், 1935இல், வாஷிங்டனிலிருந்து டாக்டர் டொரதி ஃபெரபி தலைமையில் மருத்துவர், நர்ஸ், ஆசிரியைகள் கொண்ட குழு ஒன்று கிளம்பியது. எல்லாரும் சங்கத்துப் பெண்கள். தங்கள் விடுமுறையைக் கொடுத்து, சம்பளம் வாங்காமல் போனவர்கள்.

அங்கே மருத்துவமனை மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதாகத்தான் திட்டம். பருத்தித் தோட்ட முதலாளிகள் விடவில்லை. விளைச்சலில் ஒரு பங்குக்காக உழும் கறுப்பினக் குடும்பங்கள் ஒரு நாள்கூட வயலை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். வடக்கிலிருந்து காரில் வந்து இறங்கும் படித்த கறுப்பினப் பெண்கள் கூலிக்காரர்களைத் தூண்டிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. சரி, அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று மருந்தையும் ஊசியையும் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போனார்கள். துப்பாக்கியோடு குதிரையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிகள் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள், பல் பார்த்தார்கள், என்ன சாப்பிடலாம் என்று தாய்மாரிடம் பேசினார்கள். போருக்காகப் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்த 1942 வரை கோடைதோறும் இது நடந்தது.

இப்போது விருந்தை யோசியுங்கள். அந்தக் காலத்தில் தெற்கே காரில் போகும் கறுப்பினப் பெண்ணுக்கு வெள்ளையர் விடுதியில் அறை கிடையாது. உணவகத்தில் மேஜை கிடையாது. பல பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறைகூடக் கிடையாது. ராத்திரி எங்கே தங்குவது? யாராவது தெரிந்தவர் வீட்டில்தான். வழியில் இருக்கும் ஊரில் ஒரு 'சோரார்' (இவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்) இருந்தால் அங்கே ஒரு கதவு திறக்கும். அந்தக் கதவு திறந்தது அதற்கு முந்தைய வருடங்களின் தேநீர் விருந்துகளால், மாநாட்டு நடனங்களால், கல்யாணங்களால். முகமே தெரியாத டாக்டரை நம்பி ஓர் ஆசிரியை தன் கோடை விடுமுறையை மிசிசிப்பிப் புழுதியில் கழிக்கப் போகமாட்டாள். நன்றாகத் தெரிந்த டொரதியோடு போவாள்.

என் எண்ணம் இதுதான். அங்கே கொண்டாட்டத்தால்தான் தொண்டு நடக்கிறது. விருந்தை எடுத்துவிட்டால் சில வருடங்களில் பை நிரப்ப ஆள் இருக்கமாட்டார்கள். யார் சொன்ன நேரத்துக்கு வருவார், யார் காசை ஒழுங்காக எழுதி வைப்பார், யாரிடம் பெரிய வண்டி இருக்கிறது என்பதெல்லாம் சீட்டு மேஜையில் தெரிந்துவிடுகிறது. உங்கள் தமிழ்ச் சங்கத்தின் கோடைப் பிக்னிக்கில் யார் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், யார் சாப்பிட்ட கையோடு காணாமல் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! பணமும் அப்படித்தான். டெல்டா சாப்டர்கள் ஜாபர்வாக் என்று ஒரு கலைநிகழ்ச்சி நடத்தி மாணவிகளின் படிப்புதவிக்குப் பணம் திரட்டுவது 1920களிலிருந்து வரும் வழக்கம். உங்கள் டிக்கெட் காசு எங்கே போகிறது என்று தோழியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மேஜை அலங்காரத்துக்கு எவ்வளவு, உதவித்தொகைக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கணக்காளர் அல்லவா.

ஏன் எல்லாம் கோடையில் குவிகிறது என்றும் கேட்கத் தோன்றும். படித்த கறுப்பினப் பெண்ணுக்கு நெடுங்காலம் திறந்திருந்த முக்கியமான வேலை ஆசிரியை வேலை. பள்ளி மூடினால்தான் அவர்களுக்கு நேரம். விருந்தும் தொண்டும் அந்த மாதங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. உங்கள் ஊரில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும், அதனால் பை நிரப்பும் வேலை ஜூலையில் வந்துவிடுகிறது.

கோடைத் தொண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சங்கத்துடையது. சிக்மா காமா ரோ பெண்கள் அமெரிக்க நீச்சல் சம்மேளனத்தோடு சேர்ந்து 2012இலிருந்து கறுப்பினக் குழந்தைகளுக்கு நீச்சலை எடுத்துச் செல்கிறார்கள். தங்கள் சங்கம் பிறந்த ஆண்டை வைத்து 'ஸ்விம் 1922' என்று பெயர். கேட்க உப்புச் சப்பில்லாத திட்டமாகத் தோன்றும். பின்னணி தெரிந்தால் அப்படித் தோன்றாது. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிப் போராடியபோது, விடுதி மேலாளர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போனது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், எல்லாரையும் ஒரே குளத்தில் விடவேண்டி வந்ததும் நகராட்சிக் குளங்களையே மூடிவிட்டது. அது செல்லும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. தாத்தா பாட்டிக்குக் குளம் இல்லை, அதனால் அப்பா அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, அதனால் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடப் பயம். இன்றும் அமெரிக்காவில் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் கறுப்பினச் சிறுவர்களின் விகிதம் வெள்ளைச் சிறுவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இதற்கெல்லாம் பதிலாகத்தான் சனிக்கிழமை காலையில் சில பெண்கள் குளத்தங்கரையில் துண்டோடு நிற்கிறார்கள்.

எல்லாம் நல்லதே என்று சொல்லவில்லை. இவை ஆள் பார்த்துச் சேர்க்கும் சங்கங்கள். கல்லூரிப் படிப்பு வேண்டும், பரிந்துரை வேண்டும், வருடா வருடம் கட்டணம் கட்ட வசதி வேண்டும். பை வாங்க வரிசையில் நிற்கும் தாய் அந்த விருந்துக்கு வரமாட்டாள். கறுப்பின மத்தியதர வர்க்கத்தின் இந்த ஆடம்பரச் சமூக வாழ்க்கையை 1950களில் மிகக் கடுமையாகக் கிண்டல் செய்தவர் ஹோவர்டிலேயே பாடம் நடத்திய கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃப்ரேசியர், வெளியார் யாருமில்லை. புதிதாகச் சேருபவர்களை வதைக்கும் பழக்கமும் இருந்தது. 1990இல் இந்தச் சங்கங்களின் பொதுக்குழு பழைய சேர்க்கை முறையைக் கைவிட்டது. அதன் பிறகும் வதை வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆயுள் முழுவதும் சகோதரிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் வாசலிலேயே ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதை என்னால் எந்தப் பெருமைக்காகவும் மன்னிக்க முடியவில்லை.

பை கொடுப்பதால் பள்ளி சீராகுமா என்று அடுத்த கேள்வி வரும். ஆகாது. இதை அவர்களே வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்கள். மிசிசிப்பியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1938இல், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் மூத்தவர்களில் ஒருவரான நோர்மா பாய்ட் வாஷிங்டனில் ஒரு அலுவலகம் போட்டு, கறுப்பினத்தவரைப் பாதிக்கும் மசோதாக்களுக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களை விரட்டிக்கொண்டிருந்தார். உங்கள் தோழி வாக்காளர் பதிவு மேஜையில் உட்காருவது அந்த வழியில் வந்ததுதான். உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மேஜை வெறும் சம்பிரதாயம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலது கை, இடது கை விஷயம். அந்தப் பழமொழி, கொடுப்பவர் ஏற்கெனவே ஊரில் மதிப்போடு இருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்லப்பட்டது. கறுப்பினப் பெண்ணை அமெரிக்கப் பத்திரிகையும் திரையும் சமையற்காரியாகவும் வேலைக்காரியாகவும் மட்டுமே காட்டிய காலம் ஒன்று இருந்தது. அப்போது முத்துமாலையும் கையுறையும் அணிந்து, நிமிர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு வேறு கனம் இருந்தது. இன்று எடுக்கும் ஒவ்வொரு செல்ஃபிக்கும் அந்தக் கனம் இருக்கிறது என்று வாதாட மாட்டேன். பை வாங்கும் குழந்தையின் முகம் படத்தில் வரக்கூடாது என்பது மட்டும் என் கட்சி.

இரண்டுக்கும் போங்கள். பை நிரப்ப மட்டும் போனால் நீங்கள் உதவிக்கு வந்த ஒரு ஆள், அவ்வளவுதான். விருந்துக்கும் போனால் அவருடைய மனிதர்களைத் தெரிந்துகொள்வீர்கள். வெள்ளை என்றால் வெள்ளைதான், ஜரிகை போட்ட வெள்ளைப் புடவை தாராளமாகப் போகும். உங்களிடம் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த பட்டுப் புடவை ஒன்றாவது இருக்கும், அதை அன்றைக்கு எடுக்காதீர்கள். அந்த ஜோடி நிறம் உறுப்பினர்களுக்கானது. அவர்கள் கீச்சுக் குரலில் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். கேட்க உற்சாகமாக இருக்கும், நீங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டாம். வரிசையாக அவர்கள் மட்டும் ஆடும் ஆட்டத்திலும் நடுவில் நுழையக் கூடாது. 'எலக்ட்ரிக் ஸ்லைடு' போட்டால் எல்லாரும் ஆடலாம், உங்கள் கணவர் உட்பட. ஸ்பேட்ஸ் என்ற சீட்டாட்டத்துக்கு யாராவது ஜோடியாகக் கூப்பிட்டால், தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மேஜையில் கற்றுக்குட்டிக்கு இரக்கம் காட்டமாட்டார்கள் என்று கேள்வி. பை நிரப்பும் நாளன்று நோட்டுப் புத்தகங்களை எல்லாரும் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். கால்குலேட்டரும் காதில் மாட்டும் ஹெட்போனும் எப்போதும் குறைவாகவே வரும். தோழியிடம் கேட்டுவிட்டு அவற்றை வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா