புதிய குரோஷே பேட்டர்னை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: அம்மாவும் சித்தியும் போடுவதைப் பார்த்தே குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பழகினேன். முடித்த வேலையைக் கையில் கொடுத்தால் பார்த்து அப்படியே போட்டுவிடுவேன். அண்மையில் ஒரு மேசை விரிப்புக்காக விலை கொடுத்து ஆங்கில பேட்டர்ன் (வரிவரியாக எழுதிய செய்முறை) ஒன்றை வாங்கினேன். அதில் சொன்னபடியே போட்டும் ஒரு பக்கம் உள்ளே சரிந்துகொண்டு போகிறது. படத்தில் இருப்பதைவிடப் பின்னல் மிகவும் நெருக்கமாகவும் இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் புதிய பேட்டர்னை எப்படிப் படிக்கிறார்கள்? முழுவதும் புரிந்த பிறகுதான் தொடங்க வேண்டுமா?
– வாசகி, கருங்கல்

பதில்: முழுவதும் புரிந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள், எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். முப்பதாவது வரியில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது, இருபத்தொன்பதாவது வரி கையில் இருக்கும்போதுதான் பல நேரங்களில் தெளிவாகும். பழகியவர்கள் பேட்டர்னின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கவனத்தோடு படிப்பதில்லை. ஊசி, நூல், அளவு போன்ற விவரங்கள் இருக்கும் தலைப்பகுதியை ஒரு சொல் விடாமல் படிப்பார்கள். முதல் இரண்டு மூன்று வரிகளைப் பென்சிலும் தாளுமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். எஞ்சியதை மேலோட்டமாகப் பார்த்து, "இதைச் செய்யும் அதே வேளையில்" என்பது போன்ற குறிப்புகள் எங்கேனும் ஒளிந்திருக்கின்றனவா என்று மட்டும் தேடுவார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு சட்டை பேட்டர்னில் கழுத்து வளைவுக்குக் குறைக்கும்போதே கைப்பக்கமும் குறைக்க வேண்டும் என்பது அடுத்த பத்தியில்தான் எழுதியிருக்கும். அதை முன்கூட்டியே பார்க்காதவர்கள் பிரிக்க நேரும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நூல் வேலை புதிதன்று. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் வேலையும், பின்னர் முளகுமூடு கான்வென்டில் வளர்ந்த லேஸ் வேலையும் பலரும் அறிந்தவையே. தலையணை மேல் குண்டூசி குத்திப் பின்னும் அந்தத் தலையணை லேஸில் துளையிட்ட அட்டை ஒன்று நூலுக்கு அடியிலேயே இருக்கும். அடுத்த குண்டூசியை எங்கே குத்துவது என்பதை அட்டையே காட்டிவிடும். குரோஷேயில் நூலுக்கு அடியில் எதுவும் இல்லை. அந்த அட்டையின் வேலையை இங்கே கண்ணிகளின், அதாவது தையல்களின், எண்ணிக்கை செய்கிறது. பார்த்துப் பழகியவர்கள் கண்ணை நம்புவார்கள், எழுதிய பேட்டர்னோ எண்ணத் தெரிந்தவரை எதிர்பார்த்து எழுதப்படுகிறது. உங்கள் விரிப்பு சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

முதலில் நெருக்கத்தைப் பார்ப்போம். ஒரே பெயர் அமெரிக்க பேட்டர்னில் ஒரு தையலையும் பிரிட்டிஷ் பேட்டர்னில் வேறொரு தையலையும் குறிக்கும். அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே பிரிட்டிஷ் முறையில் டபுள். அமெரிக்கர்களின் டபுள் அங்கே ட்ரெபிள். வீட்டில் குட்டையான தையலை "டபுள்" என்று சொல்லிக் கேட்டுப் பழகிய ஒருவர் அமெரிக்க பேட்டர்னை எடுத்தால், உயரமாக வர வேண்டிய வரி குட்டையாகி, பின்னல் இறுகிவிடும். வரியின் தொடக்கத்தில் உயரத்துக்காகப் போடும் 3 செயின் (சங்கிலிக் கண்ணி) ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் விரிப்பின் ஓரத்தில் அப்படித் துருத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த முறை என்பது பேட்டர்னில் எழுதப்படாமல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். "சிங்கிள் குரோஷே" என்ற சொல் எங்கேனும் வந்தால் அது அமெரிக்க முறை. முதல் டபுளை ஊசியிலிருந்து நான்காவது செயினில் போடச் சொன்னால் அது உயரமான தையல். இரண்டாவது செயினில் போடச் சொன்னால் குட்டையான தையல்.

இனி சரிவு. அமெரிக்க முறையில் இப்படி ஒரு பேட்டர்ன் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: "செயின் 24. வரி 1: ஊசியிலிருந்து நான்காவது செயினில் ஒரு டபுள், பிறகு ஒவ்வொரு செயினிலும் ஒரு டபுள் (22). வரி 2: செயின் 3, திருப்புக, முதல் கண்ணியை விட்டு அடுத்த 3 கண்ணிகளில் டபுள், * செயின் 2, இரண்டு கண்ணி தவிர்க்க, அடுத்த 4 கண்ணிகளில் டபுள், * இலிருந்து வரி முடியும்வரை." நூலைத் தொடுவதற்கு முன்பே இதைச் சரிபார்க்க முடியும். 24 செயினில் முதல் மூன்றும் சேர்ந்து ஒரு டபுளாக நிற்கின்றன, மீதி 21, ஆக 22, வரியின் இறுதியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறது. இரண்டாம் வரியில் தொடக்கச் செயினையும் சேர்த்து 4 கண்ணி, மீதி 18, ஒவ்வொரு முறையும் 6 செலவாகிறது, மூன்று முறையில் சரியாக முடிந்துவிடும். விரிப்பு இன்னும் அகலமாக வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஆறு ஆறாகச் செயினைக் கூட்ட வேண்டும் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கடைசி நான்கு டபுள்களில் நான்காவதை எங்கே போட்டீர்கள் என்பதே கேள்வி. முந்தைய வரியின் தொடக்கத்தில் நின்ற 3 செயினின் உச்சியில் அது விழ வேண்டும். அது கண்ணிபோலத் தோற்றம் தராததால் கண்ணை நம்புகிறவர்கள் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வரிக்கு ஒன்று குறைந்து, ஓரம் உள்ளே சரியும். திருப்பிய உடனே அடியில் இருக்கும் முதல் கண்ணியிலேயே டபுள் போடுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறாக ஓரம் விரியும். குட்டையான தையலில் பெரும்பாலும் தொடக்கச் செயின் கண்ணியாகக் கணக்கில் வராது. எந்த பேட்டர்னில் எப்படி என்பது தலைப்பகுதியில் இருக்கும்.

அடைப்புக்குறிகளிலும் கவனம் தேவை. "(2 டபுள், செயின் 2, 2 டபுள்) அடுத்த இடைவெளியில்" என்றால் அடைப்புக்குள் இருப்பது முழுவதும் ஒரே இடத்தில் போக வேண்டும். "* இலிருந்து மேலும் 3 முறை" என்றால், ஏற்கெனவே போட்டதையும் சேர்த்து மொத்தம் நான்கு.

தலைப்பகுதியில் ஊசி எண்ணை மில்லிமீட்டரில் மட்டும் பாருங்கள். மெல்லிய இரும்பு ஊசிகளில் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதால் வெறும் எண்ணை நம்புவது வம்பு. வெளிநாட்டு பேட்டர்ன்கள் பலவும் கம்பளி அல்லது அக்ரிலிக் நூலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூலைத்தான் எடுப்போம், அப்போது அளவு மாறும். பத்து சென்டிமீட்டருக்கு இத்தனை கண்ணி என்று அவர்கள் சொல்வதைவிடச் சற்றுப் பெரிய மாதிரித் துண்டு போட்டு, துவைத்து உலர்த்திய பிறகு நடுவில் அளந்து பாருங்கள். கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியைத் தடிமனாக்க வேண்டும். விரிப்புக்கு இதில் சற்று விட்டுக்கொடுக்கலாம். ஞானஸ்நானத் தொப்பிக்கு முடியாது.

உங்கள் விரிப்பை முதல் வரிவரை பிரித்துவிடுங்கள். தையல் எந்த முறை என்பதை உறுதி செய்துகொண்டு, இனி ஒவ்வொரு வரியின் 3 செயினையும் போட்டவுடன் அதன் உச்சியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். திரும்பி வரும்போது கடைசிக் கண்ணி அங்கே விழ வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை ஒத்து வராவிட்டால், பேட்டர்னிலேயே அச்சுப்பிழை இருக்கலாம்; விலை கொடுத்து வாங்கியதால், அந்த வரியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதியவரிடமே கேட்கலாம்.