மாமல்லபுரம் பார்க்கக் காப்பை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கணவருக்கு மூன்று ஏக்கர் வயல். பிள்ளைகளுக்கு 13, 9 வயது. எங்கள் வீட்டில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. சித்திரை விடுமுறையில் ஆறு நாள் சென்னை போய் மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் எல்லாம் பார்த்துவர ஆசை. சேமிப்புக் கணக்கில் 4 இலட்சம் இருக்கிறது. இன்னொரு 3 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, ஓகஸ்டில்தான் முதிரும். "சென்னைக்குப் போனால் ஏழெட்டு இலட்சம் இல்லாமல் திரும்பேலாது, காப்பை அடகு வை, நெல்லு வித்து மீட்கலாம்" என்கிறார் மச்சாள். அடகு வைக்கலாமா? விமானமா, கப்பலா? காசை எப்படிக் கொண்டுபோவது?
- முரசுமோட்டை வாசகி

பதில்: போய்வாருங்கள். காப்பு பெட்டியிலேயே இருக்கட்டும்.

மச்சாள் சொல்லும் ஏழெட்டு இலட்சம் பொய்க் கணக்கில்லை. ஆனால் அது தி.நகர்க் கடைத்தெருக் கணக்கு. ரங்கநாதன் தெருவில் ஒருநாள் நுழைந்து, சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு, அயலட்டைக்குச் சாமான் என்று வாங்கத் தொடங்கினால் எந்தத் தொகையும் போதாது. நீங்கள் எழுதியிருப்பதோ இடம் பார்க்கும் ஆசை. சென்னையில் அது மிகவும் மலிவு. மெரினாவில் நடக்க, கபாலீஸ்வரர் கோயிலில் கும்பிட, சாந்தோம் தேவாலயத்துக்குள் போக ஒரு சதம் செலவில்லை.

மாமல்லபுரத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அங்கே உங்கள் கடவுச்சீட்டே காசு மிச்சம் பிடித்துத் தரும். கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40 ரூபாய். சார்க் என்கிற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கும் இந்த 40 ரூபாய்தான், இலங்கை அதற்குள் அடங்கும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஆக, உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் 80 இந்திய ரூபாய். வரிசையில் நிற்கும்போது நம் பேச்சைக் கேட்டு வெளிநாடு என்று 600 போட்டுவிடப் பார்க்கலாம். கடவுச்சீட்டின் அட்டையைக் காட்டி, "இலங்கை, சார்க்" என்று சொல்லுங்கள். இதைத் தெரியாமல் இரண்டு பேருக்கு 1,200 கட்டிவிட்டால், நம் காசில் கிட்டத்தட்ட நாலாயிரம் சும்மா போகும். ஊருக்கு நடுவிலுள்ள அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு டிக்கெட்டே இல்லை, தெருவோரம் நின்று பார்க்கலாம். அதில் இரண்டு முன்னங்கால்களையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் செய்கிற பூனை ஒன்றும், அதைச் சுற்றி எலிகளும் இருக்கின்றன. சின்னவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் போகும். சித்திரை வெயிலுக்குக் கருங்கல் கொதிக்கும், காலை வெள்ளனப் போய்விடுங்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தமிழ்நாடு அரசுடையது, அங்கே இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம், வெளிநாட்டவர் கட்டணம் கூட. இருந்தாலும் அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்காகக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை பூட்டு.

இனி உங்கள் கணக்கு. நிலையான வைப்பைத் தொடாதீர்கள். முதிருமுன் உடைத்தால் வட்டி குறையும் என்பது ஒரு காரணம். அதைவிட, வருத்தம் துன்பம் வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே கைகாவல் அதுதான். சேமிப்பிலுள்ள 4 இலட்சத்தில் 50 ஆயிரத்தைச் சிறுபோகச் செலவுக்கு ஒதுக்கிவையுங்கள். பயணம் மிச்சமுள்ள மூன்றரை இலட்சத்துக்குள் முடியவேண்டும். அதில் டிக்கெட், விசா, விமான நிலையம் போய்வரும் செலவுக்கு 2 இலட்சத்தை உச்ச வரம்பாக வையுங்கள். அதற்கு மேலே போனால் திகதியை மாற்றுங்கள், கடன் எடுக்காதீர்கள். புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் விலை ஏறும், விடுமுறை தொடங்கிய கையோடு புறப்படுவது நல்லது.

மிச்சம் ஒன்றரை இலட்சம். ஒரு இந்திய ரூபாய்க்கு நம் காசு ஏறத்தாழ மூன்றரை என்று பிடித்தால், கிட்டத்தட்ட 43,000 இந்திய ரூபாய் வரும். ஐந்து இரவு அறைக்கு 12,500, சாப்பாட்டுக்கு 9,000, பஸ், மெட்ரோ, ஓட்டோ, நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் 6,000 என்று ஒதுக்குங்கள். பதினைந்தாயிரம் சொச்சம் நிற்கும். தி.நகருக்கு அதுதான் காசு, அதைத் தனிக் கவரில் போட்டுக் கணவரின் கையில் கொடுத்துவிடுங்கள். (உங்களை நம்பாமல் சொல்லவில்லை. சேலைக்கடையில் ஆண்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும், அது நமக்கு நல்லது.)

அடகை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஆண்டுக்கு 12 வீதம் வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 3 இலட்சத்துக்கு மாதம் 3,000. அதைக்கூடக் கட்டிவிடலாம். நெல் விற்று மீட்கலாம் என்ற பேச்சுத்தான் எனக்குப் பயம். களத்துக்கு வராத நெல்லை நம்பி நகையை மீட்கும் திகதி போடுவது வன்னியில் எத்தனை வீட்டைக் கடனில் தள்ளியிருக்கிறது! 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வயல்கள் தண்ணீருக்குள் கிடந்ததை முரசுமோட்டையில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் விளைந்தாலும் விலை எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மாதச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே கழிவுக்கு எடுத்துக்கொண்டு போவதும் இதே வழிதான், வேறு பெயர்.

காசு கொண்டுபோகும் விஷயம். சென்னையில் நம் ரூபாயை மாற்ற முயன்றால் நட்டம். கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் கொண்டுபோய் வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ டொலராக வாங்குங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை விமான நிலையத்தில் ஓட்டோவுக்கும் முதல்நாள் சாப்பாட்டுக்கும் அளவாக மாற்றிவிட்டு, மிச்சத்தை நகருக்குள் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு மாற்றுங்கள். கிரெடிட் காட் அவசரத்துக்கு மட்டும் கைப்பையில் கிடக்கட்டும். அதில் ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அங்கே இளநீர்க்காரரிடமும் கியூ.ஆர். அட்டை தொங்கும், உங்கள் வங்கிச் செயலி அதில் வேலை செய்யாது என்று நினைத்தே போங்கள். 50, 100 ரூபாய்த் தாள்கள் கையில் இருந்தால் நல்லது.

அப்புறம், உறவினர் யாராவது "எங்களிட்டக் கிடக்கு, கொண்டுபோ" என்று அலுமாரியிலிருந்து இந்தியக் காசு தருவார்கள். பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 2,000 ரூபாய்த் தாளை 2023இல் புழக்கத்திலிருந்து மீட்டுக்கொண்டார்கள், கடையில் வாங்கமாட்டார்கள். சாம்பல் நிறத்தில் செங்கோட்டைப் படம் போட்ட 500 ரூபாய்த் தாள் என்றால் வாங்கலாம்.

அறைக்கு முற்பணம் கட்டுமுன் "இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை தருவீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அவர்களின் விபரத்தை அரசின் சி படிவத்தில் பதியவேண்டும். சின்ன லொட்ஜ்கள் சில அந்த வேலைக்குப் பயந்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், முற்பணத்தை மீட்பது பிறகு உங்கள் பாடு.

விமானமா கப்பலா? பலாலியிலிருந்து சென்னைக்கு நேரே விமானம் இருக்கும்போது, நான்கு பேரும் கட்டுநாயக்கா வரை ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் போய், சாப்பாட்டுக்கும் ஓட்டோவுக்கும் கொடுக்கும் காசைச் சேர்த்துப் பார்த்தால் கொழும்பு டிக்கெட்டின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். பலாலி விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்பதை மட்டும் டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள், மேலதிக நிறைக்கு அங்கே கட்டும் காசு சேலை விலையைத் தாண்டும். காங்கேசன்துறையில் ஏறும் கப்பல் நாகபட்டினத்தில் இறக்கும். அங்கிருந்து சென்னை 300 கிலோமீற்றர் அளவு, போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று உங்கள் ஆறு நாளில் இரண்டு போய்விடும். தஞ்சாவூர், வேளாங்கண்ணி என்று போகிறவர்களுக்குக் கப்பல் சரி. உங்களுக்கு விமானம்.

கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே வவுனியா அலுவலகத்தில் சாதாரண சேவைக்கு விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் ஒருநாள் சேவைக்கு ஓடினால் கட்டணம் அதிகம், அதுவும் நாலு பேருக்கு. விசாவை இந்திய அரசின் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதேபோலத் தோற்றம் காட்டும் தனியார் தளங்களும் இருக்கின்றன, முகவரி இன்டியன்விசாஒன்லைன் டொட் கவ் டொட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.