சம்பு மூடிய மேய்ச்சல் நிலம்: மருந்து வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். முன்பு வெள்ளம் வந்து வடியும், கோரையும் புல்லும் மாடுகளுக்குப் போதும். கரையும் மதகும் கட்டிய பிறகு வருடம் முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இப்போது எங்கும் சம்பு, அதாவது தண்ணீரில் நாணல் போல உயரமாக வளரும் செடி. எந்தக் களைக்கொல்லி அடிக்கலாம்?

பதில்: களைக்கொல்லியை முதலில் மறந்துவிடுங்கள். தண்ணீர் இப்படியே நின்றால், கொன்ற இடத்தில் மறுபடி சம்புதான் வரும். இந்த மாதிரி நிலத்தில் எந்தச் செடி நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம், எத்தனை நாள் நிற்கிறது, எப்போது வடிகிறது ஆகியவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கோரை, புல் விதைகளில் பல, தண்ணீர் வடிந்து வெயில் பட்ட சேற்றில்தான் முளைக்கும். உங்கள் நிலத்தில் சேறு வெளியே தெரிவதே இல்லை. பிறகு அவை எப்படி வரும்?

ஒரு சம்புத் தாளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே தேனடை போல அறை அறையாக இருக்கும். காற்று இந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு இறங்குகிறது. அதனால்தான் மற்ற செடிகளின் வேர் மூச்சுமுட்டிச் சாகும் இடத்திலும் அது செழிக்கிறது. அதன் பலவீனமும் அதுவே. காய்ந்த தாளையும் விடாமல், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுங்கள். அறுத்த கட்டை சில வாரம் மூழ்கியே கிடந்தால் கிழங்கு அழுகும். ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் காற்று போய்விடும், கவனம்.

அப்புறம் கோடையில் மதகைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக வடியுங்கள். ஒரே நாளில் வடித்தால் சேறு ஒன்றாகக் காய்ந்து வெடிக்கும். மெதுவாக வடிந்தால் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக முளை வரும். ஈரச் சேற்றில் சம்பு விதையும் முளைக்கும், சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். முளைத்த புல் தலை மூழ்காத வேகத்தில் தண்ணீரைத் திரும்ப ஏற்றுங்கள். மாட்டை அவசரப்பட்டு இறக்காதீர்கள். இளம் வேரைச் சேற்றோடு மிதித்துப் புதைத்துவிடும்.

புல் விதை மிச்சம் இருக்குமா என்று சந்தேகமா? நாலைந்து இடத்தில் மேல் சேற்றை ஒரு கை அள்ளி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஈரமாகவே வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிடலாம். கோரையும் புல்லும் வந்தால் விதை வாங்கத் தேவையில்லை. ஒன்றுமே வராவிட்டால், வெள்ளத்தைக் கொஞ்சமாவது உள்ளே விடுங்கள். மேலிருந்து விதையையும் வண்டலையும் கொண்டுவருவது அந்த ஓட்டம்தான். வண்டல் கனமாகப் படிந்தால் மட்டும் சிறு விதைகள் புதைந்துபோகும்.

மதகு பொதுவானது என்றால், திறக்கும் நாளைப் பக்கத்து நிலத்தாரோடு முன்பே பேசிவிடுங்கள்.